கல்வி ஆய்வும் பிற நாட்டு அறிஞரும்

ஒரு நாட்டின் கல்வி முறையை ஆராயுங்கால் பிற நாட்டு அறிஞரின் துணை எத்துணைப் பயன் தரும் என்பதற்குக் கோத்தாரி குழு தக்க சான்றாகும். 1964 சூலைத் திங்களில் இந்திய அரசு அமைத்த அக்குழுவில் இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்சு, சப்பான், சோவியத்து ஒன்றியம் என்னும் ஐந்து நாடுகளின் அறிஞர் ஐவர் உறுப்பினராய் இருந்தனர். யுனெசுகோவைச் சார்ந்த மெக்டூகல் இணைச் செயலாளராய்ப் பணியாற்றினார்.

1966 சூன் திங்களில் அளிக்கப்பெற்ற அறிக்கை, ஏறத்தாழப் பத்தாண்டிற்குள் வட்டார மொழிகள் பல்கலைக்கழகப் பயிற்றுமொழி ஆதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அயலார் கலந்தால் அயன்மொழியே ஓங்கும் என்று அஞ்சுவார்க்கு இஃது ஏற்ற விடையாம். அவ்வைவரும் தத்தம் நாட்டு மொழியில் உயர்கல்வி நிகழும் நாடுகளினின்று வந்தோர் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

எனினும், உடனிருந்து ஆராய்தலே அயலார்க்கு இயலும். செய்து முடித்தல் நம் கடனாகும். அறிக்கை குறித்த பத்தாண்டு கழிந்து நெடுங்காலம் ஆயிற்று. தமிழகத்தில் மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் ஆங்கிலமே இன்றும் பெரிதும் பயிற்றுமொழியாய் நிற்கின்றது. பரிந்துரையில் குறையில்லை, அதனைப் பின்தொடர வேண்டிய நூலாக்கத்திலும் கலைச்சொல்லாக்கத்திலும் நம் முயற்சி போதவில்லை என்றே கருதுகின்றோம். அக்குறையை நீக்கும் பொறுப்பில் தமிழ்த்துறைகட்கும் பங்கு உண்டு.