உப்பைத் தேக்காத சிறுநீரகம்

நம் சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அந்நீரோடு சுமார் 1.5 கிலோ உப்பும் இறங்கிவிடுகிறது. அதில் 100க்கு 99 பங்கை நுண்குழாய்கள் மீட்டு, உடலுக்கே திருப்பி அளிக்கின்றன. இப்பணியைச் செய்பவை குழாய்ச் சுவர்களிலுள்ள சில புரதங்கள். அவற்றை ஆக்கும் மரபணுவில் பிறவிப் பிழை இருப்பின் உப்பு வீணாகும். எஞ்சியதைக் காக்க முயலும் சிறுநீரகம் பொட்டாசியத்தையும் செலவிட்டுவிடும்.

இவ்வகை நோய்களுள் ஒன்றை அமெரிக்க மருத்துவர் பார்ட்டர் 1962-லும், மற்றொன்றைக் கிட்டல்மன் 1966-லும் விவரித்தனர். காரணமான மரபணுக்கள் சில 1996-ல் புலப்பட்டன.

பிழை பெரிதாயின் துன்பமும் பெரிதாகும் என எண்ணுவது இயல்பே. எனினும் அது ஓரளவே உண்மை.

முதலாவது, பிழை நேர்ந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பார்ட்டர் நோயில் பழுதுபடும் குழாய்ப் பகுதி, மொத்த உப்பில் கால் பங்கை மீட்பது. ஆகவே அதன் கடுமையான வகைகளில் சிசு கருவிலேயே மிகுதியாகச் சிறுநீர் கழிக்கிறது. பனிக்குட நீர் பெருகிக் குறைமாதப் பிரசவம் நேர்கிறது. கிட்டல்மன் நோயில் பழுதுபடும் பகுதியோ பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மீட்பது. பள்ளிப் பருவத்திலோ அதற்குப் பின்னரோ சோர்வும், தசைப்பிடிப்பும், உப்பின் மீது தீராத வேட்கையும் தோன்றும். சிலருக்கு யாதொரு குறியும் இராது. வேறு காரணத்துக்காகச் செய்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியக் குறைவு தெரியவரும்.

இரண்டாவது, புரதத்தில் எஞ்சியுள்ள திறன். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நமக்கு இரு பிரதிகள் உண்டு. இரண்டும் பழுதானாலன்றி இந்நோய்கள் பொதுவாகத் தோன்றுவதில்லை. ஒரு பிரதியேனும் சற்று வேலை செய்யுமாயின் நோயின் வேகம் தணியக்கூடும்.

இவ்விரண்டும் அறிந்தாலும் கணக்கு முடிவதில்லை. பார்ட்டர் நோயின் மூன்றாம் வகையில், மரபணு முழுவதையுமே இழந்தவர்களுள்ளும் சிலர் கைக்குழந்தைப் பருவத்திலேயே வாடுகின்றனர். சிலர் கிட்டல்மன் நோயாளர் போல இலேசான துன்பத்துடன் வாழ்கின்றனர். அருகிலுள்ள ஒத்த புரதம் ஓரளவு ஈடுசெய்வது இதற்கு ஒரு காரணமாகலாம். கிட்டல்மன் நோயில், ஒரே பிழையைப் பெற்ற உடன்பிறந்தாரிடையேகூட வேறுபாடு காணப்படுகிறது.

அக்காள் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்கள் இதை அறிதல் நலம். உறவினரான பெற்றோர் இருவரும் ஒரே பிழையைத் தாங்கியிருக்க வாய்ப்பு மிகுதி. அவ்வாறாயின் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மூத்த குழந்தைக்கு நோய் உறுதியானால், இளையது நலமாய்த் தோன்றினாலும் அதற்கும் இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள். உப்பைக் கேட்டு அழும் இக்குழந்தைகளுக்கு, பிறர் சொல் கேட்டு உப்பைக் குறைக்கலாகாது. மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகிச் செல்வோர் பரிசோதனைக் குறிப்புகளை உடன் கொண்டு செல்லுங்கள். புதிய ஊரின் மருத்துவர், மரபணு அறிக்கையோடு குழந்தையின் வளர்ச்சியையும் இரத்த அளவுகளையும் சேர்த்துப் பார்த்தே சிகிச்சையை வகுக்க இயலும்.