துப்பாக்கியில் ஒரு சின்ன லீவர்... இருந்தால் பாதுகாப்பா, இல்லாவிட்டால் ஆபத்தா?

ஹாலிவுட் படங்களைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி அத்துப்படி. முதன்முறையாகத் துப்பாக்கி பிடித்தவன், கை நடுங்க வில்லனை நோக்கி நீட்டுவான். வில்லன் சிரித்துக்கொண்டே, ''தம்பி, சேஃப்டியையே இன்னும் எடுக்கலையே!'' என்பான்.

ஆனால், அந்தக் கையில் இருப்பது 'க்ளாக்' பிஸ்டல் என்றால் வசனமே தப்பு. காரணம், வழக்கமான க்ளாக்கில் கட்டைவிரலால் தள்ளிவிடும் சேஃப்டி லீவரே கிடையாது. உள்ளே தோட்டா ஏறியிருந்தால், ட்ரிக்கரை இழுத்ததும் சுடும். அவ்வளவுதான்.

அமெரிக்கப் போலீஸாரின் இடுப்பிலும், அங்குள்ள பல வீடுகளின் அலமாரியிலும் இருப்பது இப்படிப்பட்ட பாலிமர் உடல் கொண்ட பிஸ்டல்கள்தான். அவற்றில் அந்தச் சின்ன லீவர் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி ராணுவ டெண்டர், கோர்ட், சட்டசபை வரை போயிருக்கிறது.

கட்டைவிரலின் வேலை என்ன?

1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டலின் பெயரே எம்-1911. வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். முழுக்க இரும்பு. கைப்பிடிக்கு மேலே, கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஒரு லீவர். மேலே தள்ளினால் பூட்டு, கீழே அழுத்தினால் சுடத் தயார்.

1985-ல் அதற்குப் பதிலாக இத்தாலிய நிறுவனமான பெரட்டாவின் எம்-9 வந்தது. அதிலும் லீவர் உண்டு. ஆனால், திசை தலைகீழ்! கீழே தள்ளினால் பூட்டு, மேலே தள்ளினால் சுடத் தயார். பல வருடங்கள் ஒரு பக்கம் தள்ளிப் பழகிய கட்டைவிரல், ஒரே நாளில் மறுபக்கம் தள்ளப் பழக வேண்டியிருந்தது.

திரைச்சீலைக் கம்பி செய்தவரின் துப்பாக்கி

ஆஸ்திரியாவைச் சேர்ந்த காஸ்டன் க்ளாக், துப்பாக்கித் தொழிலுக்கே புதியவர். அவருடைய பட்டறையில் திரைச்சீலைக் கம்பிகள், ராணுவத்துக்கான கத்திகள் போன்றவைதான் தயாராகிக்கொண்டிருந்தன. ஆஸ்திரிய ராணுவம் புது பிஸ்டல் தேடியபோது களத்தில் குதித்தார். 1982-ல் அவருடைய 'க்ளாக் 17' தேர்வானது. உடல் பாலிமர் பிளாஸ்டிக். எடை குறைவு, துருப்பிடிக்காது, 17 தோட்டாக்கள் கொள்ளும்.

பாலிமர் உடலில் பிஸ்டல் செய்த முதல் ஆள் அவர் இல்லை. ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் 1970-லேயே அதைச் செய்துவிட்டது. ஆனால், லீவர் இல்லாத பாலிமர் பிஸ்டலை உலகம் முழுக்கப் பரப்பியது க்ளாக்தான்.

அப்படியென்றால் அதில் பாதுகாப்பே இல்லையா? இருக்கிறது, உள்ளே மறைந்திருக்கிறது. ட்ரிக்கரின் முகத்தில் நாக்கு போல ஒரு சின்னத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதை நேராக அழுத்தினால்தான் ட்ரிக்கர் நகரும். உள்ளே இன்னும் இரண்டு தடைகள் உண்டு. துப்பாக்கி கை தவறிக் கீழே விழுந்தால் வெடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

சிக்கல் வேறு இடத்தில். ட்ரிக்கரை அழுத்துவது வேண்டுமென்றே வைத்த விரலா, உறைக்குள் சிக்கிய சட்டை நுனியா என்று அந்த நாக்குக்குத் தெரியாது.

இரண்டு ராணுவம்... இரண்டு பதில்!

2013-ல் பிரிட்டிஷ் ராணுவம் லீவர் வைத்த பழைய பிரௌனிங் பிஸ்டலைக் கைவிட்டு, லீவர் இல்லாத க்ளாக் 17-க்கு மாறியது. நான்கே வருடத்தில், 2017 ஜனவரியில், அமெரிக்க ராணுவம் நேரெதிர் முடிவெடுத்தது. பாலிமர் உடல் கொண்ட 'சிக் சாவர் பி-320' பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. ஆனால், கட்டைவிரல் சேஃப்டி கட்டாயம் இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டது. போட்டியில் கலந்துகொண்ட க்ளாக் நிறுவனமும்கூட லீவர் பொருத்திய மாடலைத்தான் கொண்டுவந்தது. 

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. உயிர் போகிற பதற்றத்தில் லீவரைத் தள்ள மறந்தால், கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் கட்டை என்பது ஒரு தரப்பு. துப்பாக்கியை எடுத்துச் சுடுவது எப்போதோ ஒருமுறை, உறையில் வைத்து எடுப்பது தினம் தினம். அப்போது கை தவறினால் காப்பாற்ற அந்த லீவர் வேண்டும் என்பது மறுதரப்பு.

லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது என்ன?

இந்த விவாதத்தில் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம், லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி ஷெரீஃப் துறை. அங்கே போலீஸார் வருடக்கணக்காக பெரட்டா வைத்திருந்தார்கள். அதில் லீவர் உண்டு. முதல் குண்டுக்கு ட்ரிக்கரை சுமார் 5 கிலோவுக்கு மேல் விசை கொடுத்து, நீளமாக இழுக்கவும் வேண்டும். பிறகு 'ஸ்மித் அண்டு வெஸன்' நிறுவனத்தின் எம் அண்டு பி பாலிமர் பிஸ்டலுக்கு மாறினார்கள். லீவர் இல்லை. ட்ரிக்கரும் லேசு. சின்னக் கைகளுக்கும் எளிதாக இருக்கும், குறி தப்பாது என்பது மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

2012-ல் அந்தத் துறையில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்த சம்பவங்கள் 12. 2014-ல் 30 ஆனது. ஒருவர் கழிவறையில் இருந்தபோது வெடித்தது. இன்னொருவர் ஒரு வீட்டில் குற்றவாளியைத் தேடும்போது, குழந்தையின் தள்ளுவண்டி தடுக்கித் தடுமாற, குண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு போனது.

துறையைக் கண்காணிக்கும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் இதை ஆராய்ந்தது. பெரட்டா காலத்தில் குறி வைக்கும்போதே விரலை ட்ரிக்கரில் வைப்பது பயிற்சியில் கற்றுத்தரப்பட்ட பழக்கம். அந்தக் கனமான ட்ரிக்கர் அதைத் தாங்கிக்கொண்டது. புதுத் துப்பாக்கி தாங்கவில்லை. போதாக்குறைக்கு, பிஸ்டலில் பொருத்திய டார்ச் லைட்டின் சுவிட்ச் ட்ரிக்கருக்குப் பக்கத்திலேயே இருந்தது. லைட் போட நினைத்துச் சிலர் ட்ரிக்கரை அழுத்திவிட்டார்கள்.

இது புதுக் கதையும் இல்லை. தலைநகர் வாஷிங்டனின் போலீஸ் 1980-களின் கடைசியில் க்ளாக்குக்கு மாறியது. அடுத்த பத்து வருடங்களில் 120-க்கும் மேற்பட்ட முறை தவறுதலாகத் துப்பாக்கி வெடித்ததாக 1998-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' எழுதியது. போதிய பயிற்சி இல்லாததுதான் அந்தச் செய்தியின் மையம்.

ஆக, கருவி மாறிய வேகத்தில் கை மாறவில்லை. லீவரை எடுத்துவிட்டால், அது செய்த வேலையை ஆள்காட்டி விரல் செய்தாக வேண்டும். சுட முடிவெடுக்கும் வரை ட்ரிக்கர் பக்கமே அந்த விரல் போகக் கூடாது.

கோர்ட்டுக்குப் போன லீவர்

பி-320-ன் பொதுமக்கள் மாடல்களில் பெரும்பாலானவை லீவர் இல்லாமல்தான் விற்பனைக்கு வந்தன. ட்ரிக்கரைத் தொடாமலே வெடித்தது என்று பலர் வழக்கு போட்டார்கள். நிறுவனம் அதை மறுக்கிறது. ஆனால், 2017 ஆகஸ்டில், குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற புகார் எழுந்தபோது, இலவசமாக மாற்றியமைத்துத் தருவதாக அறிவித்தது.

2025 மே மாதம், அந்த நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமையகம் இருக்கும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிப்புற சேஃப்டி லீவர் இல்லை என்பதையே குறையாகச் சொல்லித் தயாரிப்பாளர் மீது வழக்கு போட முடியாது என்கிறது அது.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் தொட்டில், டோஸ்டர், பொம்மை ஆகியவற்றின் பாதுகாப்பைக் கவனிக்க ஓர் ஆணையம் இருக்கிறது. துப்பாக்கியும் தோட்டாவும் அதன் எல்லைக்குள் வராது என்று சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. பழுதான பொம்மையைத் திரும்பப் பெற அந்த ஆணையம் நடவடிக்கை எடுக்கலாம். பழுதான பிஸ்டல் விஷயத்தில் அதற்கு அந்த அதிகாரம் இல்லை.

வீட்டில் குழந்தைகள் இருந்தால்?

லீவர் இருந்தால் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. லீவர், பூட்டு அல்ல. போன் லாக்கையே கண்டுபிடித்துத் திறக்கும் பிள்ளைகளுக்கு அதைத் தள்ளிவிட எவ்வளவு நேரம் ஆகும்? அமெரிக்காவில் 2005-ல் வந்த சட்டப்படி, டீலர்கள் கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டோ, பூட்டி வைக்கும் பெட்டியோ சேர்த்துத் தர வேண்டும். ஆனால், பூட்டு வாங்கினால் போதாதே, பூட்டவும் வேண்டும்!

உங்கள் மகனோ, மகளோ பேரப்பிள்ளைகளுடன் அங்கே இருந்தால், அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கத்தின் ஆலோசனையை அவர்களிடம் சொல்லுங்கள். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், பூட்டி வைக்க வேண்டும்; தோட்டாவைத் தனியாகப் பூட்ட வேண்டும். பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன், 'உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா, பூட்டி வச்சிருக்கீங்களா?' என்று கேட்டுவிட வேண்டும்.

கேட்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கேட்கச் சொல்லுங்கள்.