தரவு வேகக் குறைப்பு

தரவு வேகக் குறைப்பு என்பது, வாடிக்கையாளர் ஒரு மாதத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இணையத் தரவைப் பயன்படுத்தியதும், அலைபேசி நிறுவனம் அவரது இணைப்பின் வேகத்தை வேண்டுமென்றே குறைப்பதாகும். "வரம்பற்ற" திட்டங்களிலும் இது கையாளப்பட்டதால் சட்டச் சிக்கல்கள் எழுந்தன.

செயற்படும் முறை

ஒரு கோபுரத்தின் அலைக்கற்றையை அதனுடன் இணைந்த அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். வலையமைப்பு ஒவ்வொருவரின் பயன்பாட்டையும் கணக்கிடுகிறது. அளவைத் தாண்டியவருக்கு ஒரு நொடியில் அனுப்பப்படும் தரவின் உச்ச அளவு குறைக்கப்படுகிறது. மிகுதியான தரவுப் பொதிகள் வரிசையில் காக்கவைக்கப்படும் அல்லது கைவிடப்படும். இணைப்பு அறுவதில்லை, எனினும் நிகழ்படம் பார்ப்பது போன்றவை இயலாமற் போகலாம். நெரிசலான நேரத்தில் மட்டும் முன்னுரிமையைக் குறைப்பது வேறொரு முறையாகும்.

ஏடி அன்ட் டி வழக்கு

ஐக்கிய அமெரிக்காவின் ஏடி அன்ட் டி நிறுவனம், 2010 இல் புதிய திறன்பேசி வாடிக்கையாளருக்கு வரம்பற்ற திட்டம் வழங்குவதை நிறுத்தியது. பழையவர்கள் அதில் தொடர்ந்தனர். 2011 முதல் அவர்களுள் அதிகம் பயன்படுத்தியோரின் வேகம் குறைக்கப்பட்டது. 2014 அக்டோபரில் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. சிலருக்கு 2 கிகாபைட்டிலேயே வேகம் குறைந்ததாகவும், நெரிசல் இல்லாதபோதும் அவ்வாறு செய்யப்பட்டதாகவும், 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகவும் ஆணையம் கூறியது.

தன்மீது வழக்குத் தொடர ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்ற நிறுவனத்தின் வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 இல் நிராகரித்தது. 2019 இல் 6 கோடி டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. இவ்வுடன்பாடு வேகக் குறைப்பைத் தடைசெய்யவில்லை. "வரம்பற்றது" என விளம்பரம் செய்தால், அதற்குரிய கட்டுப்பாடுகளையும் தெளிவாகத் தெரிவிக்கவேண்டும் என்றே விதித்தது.