உங்களுக்குத் தெரியுமா? பாம்பு முட்டையும் தண்ணீர் குடிக்கும்!

பாம்பு முட்டையின் ஓடு கோழி முட்டையைப்போலக் கெட்டியானதல்ல, தோல்போல வளைந்துகொடுக்கும். சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சும். காற்று வறண்டால் உள்ளிருக்கும் நீரை இழக்கும்.

அதனால்தான் அமெரிக்காவில் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பை வளர்ப்பவர்கள் மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வெர்மிகுலைட் என்ற, ஈரம் தேக்கும் கனிமத் துகளை நனைத்துப் பரப்பி, 31–32 டிகிரி செல்சியஸில் சுமார் 2 மாதம் முட்டைகளை வைத்திருக்கிறார்கள். வெர்மிகுலைட்டைக் கையில் அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. மூடியில் கோத்த துளிகள் முட்டைமேல் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கலாம்.

தொடக்கத்திலேயே முட்டையில் குழி விழுந்தால் பெரும்பாலும் ஈரம் போதவில்லை என்று பொருள். பொரியும் தறுவாயில் குழி விழுவது இயல்பு.

பால் பைத்தானின் தாயகமான ஆப்பிரிக்காவில், இயற்கைச் சூழலில் பெட்டியும் இல்லை, வெர்மிகுலைட்டும் இல்லை. தாய்ப் பாம்பே முட்டைகளை இறுகச் சுற்றிக்கொண்டு ஈரம் போகாமல் காக்கிறது!