மண் கல்லும் மழைப் பரீட்சையும்

நமது புதுக்கோட்டை ஜில்லாவில் ஏழையின் வீடென்றால் மண்சுவரும் கூரையுமே என்றிருந்த காலம் உண்டு. மண்சுவர் கோடையில் குளிர்ச்சி தரும்; காசில்லாதவனுக்கும் கைக்கெட்டும்; ஆனால் ஐப்பசி மழையில் கரையும். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வீசிய கஜா புயலில் இந்த ஜில்லாவின் குடிசைகள் பட்ட பாட்டைக் கண்டவர் எவரும் மறந்திருக்கமாட்டார். ஆகவே, மண்ணை நீரில் கரையாதபடி உறுதிப்படுத்த முடியுமா என்பது நமக்கு வெறும் சாஸ்திர வினோதமன்று. ஏழைகளின் தலைக்கு மேலுள்ள கூரையைப் பற்றிய விஷயமாகும்.

முடியும் என்பதற்கு அத்தாட்சிகள் உள்ளன. அமெரிக்காவில் சவுத் கரோலினாவைச் சேர்ந்த ஜான்சன்வில்லில் 1935-லேயே மண்ணையும் சிமெண்டையும் கலந்து சாலை போட்டார்கள். நமக்கு அண்மையிலுள்ள ஆரோவில்லில், நூற்றுக்கு 5 பங்கு அளவில் சிமெண்டு சேர்த்து யந்திரத்தில் அழுத்திய மண் கற்களைக் கொண்டு கட்டிடங்கள் எழுப்பியிருக்கிறார்கள். அங்குள்ள பார்வையாளர் நிலையம் 1992-ல் ஹசன் ஃபாத்தி பரிசைப் பெற்றது. இக்கற்களுக்குச் சூளை வேண்டாம்; விறகும் வேண்டாம்.

ஆனால் இங்கேதான் நாம் எச்சரிக்கை செய்ய விரும்புகிறோம். வெயிலில் உலர்ந்த மண் கல்லைத் தட்டிக் காட்டி, 'இரும்பைப் போலிருக்கிறது பாருங்கள்' என்று ஒப்பந்தக்காரர் கூறினால், அது குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியமேயாகும். சிமெண்டு கலவாத கல்லும் உலர்ந்த நிலையில் உறுதியாகவே தோன்றும். அதையே நீரில் ஊறவைத்தால் குழம்பாகிவிடும். நன்கு செய்த கல்லுங்கூட, நனைந்த பின் உலர்ந்தபோதிருந்த பலத்தில் ஏறக்குறைய பாதியையே காட்டுவது சகஜம். வீட்டைக் காப்பது அந்தப் பாதிதான்.

இதனை அறியும் வழிகள் புதியனவல்ல. மண் கலவையின் அழுத்த பலத்தைச் சோதிக்கும் முறையை இந்தியத் தர நிர்ணயம் 4332, தனது ஐந்தாம் பாகத்தில் 1970-லேயே வகுத்தது. நீடித்த உழைப்பைச் சோதிக்கும் நான்காம் பாகம் அதற்கும் முந்தியது, 1968-ல் வந்தது. இவ்வகைச் சோதனையில் கலவைத் துண்டை 5 மணி நேரம் நீரில் ஊறவைத்து, 42 மணி நேரம் 71 டிகிரி சூட்டில் உலர்த்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இவ்வாறு 12 முறை செய்து, கரைந்துபோன எடையைக் கணக்கிடுகிறார்கள். மணற்பாங்கான மண்ணில் 14 சதவீதத்துக்கும், களிமண்ணில் 7 சதவீதத்துக்கும் மேல் நஷ்டம் கூடாதென்பது அமெரிக்க சிமெண்டு சங்கத்தார் வகுத்த வரம்பு. பல பருவங்களின் மழையும் வெயிலும் சுமார் ஒரு மாதத்தில் விசாரணை நடத்திவிடுகின்றன!

மேலும், ஓரூர் மண்ணின் தீர்ப்பு மற்றோரூருக்குச் செல்லாது. ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண் வேறு. கண்மாயில் வெட்டியெடுத்த களி வேறு. மணல் கலந்த மண்ணுக்குச் சிமெண்டு பொருந்தும். ஈரத்தில் வீங்கி வெயிலில் வெடிக்கும் களிக்குச் சுண்ணாம்பே பெரும்பாலும் ஏற்றது. எங்கும் ஒரே அளவென்று காகிதத்தில் எழுதிக் கலப்பது பொதுஜனங்களின் பணத்தை நீரில் கரைப்பதற்கு ஒப்பாகும்.

நாம் கோருவது அதிகமன்று. மண்ணை உறுதிப்படுத்தி வீடோ சாலையோ அமைக்கு முன், அந்தந்த ஊர் மண்ணையே எடுத்து, நனைந்த பலத்தையும் தேய்மானத்தையும் பரீட்சித்து, அம்முடிவைக் கிராம சபையில் தமிழில் படித்துக் காட்டவேண்டும். காட்ட மறுப்பார்களேயானால், 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் ஜனங்கள் கையில் இருக்கிறது. ஊருக்கு உழைக்கும் தொண்டர்கள் ஒரு மண் கல்லை ஓரிரவு வாளித் தண்ணீரில் போட்டுவைக்கட்டும். அது பரீட்சைக்கு ஈடாகாதெனினும், விடிந்ததும் எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டுமென்பதைத் தெரிவித்துவிடும்.