ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டில் 2.6 கிராம் உப்பு... ஏன் இந்தக் கணக்கு?

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ் பாக்கெட் வாங்கியாச்சு. 'ஒரு லிட்டர் தண்ணியில் கலக்கவும்' என்று அதில் போட்டிருக்கிறது. "அவ்ளோ தண்ணி எங்க குடிக்கப் போறான்?" என்று பாக்கெட் முழுவதையும் ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்குபவர்கள் உண்டு. கெமிஸ்ட்ரி வகுப்பில் தூங்கவைத்த மோல் கணக்கு, இந்த இடத்தில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது.

முதலில் உப்பு. சோடியம் அணு ஒரு எலெக்ட்ரானைக் கொடுக்கும், குளோரின் வாங்கிக்கொள்ளும். எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இந்த அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து அடுக்கடுக்காக நிற்பதுதான் உப்புக்கல். தண்ணீரில் போட்டால் அயனிகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். உடம்புக்கு எடை முக்கியமில்லை, எத்தனை துகள்கள் என்பதுதான் முக்கியம்.

துகள்களை எப்படி எண்ணுவது? டஜன் என்றால் 12 மாதிரி, மோல் என்றால் 6.022 × 10²³. சோடியம் 23, குளோரின் 35.5. ஆக, 58.5 கிராம் உப்பு ஒரு மோல்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு. 58.5-ஆல் வகுத்தால் 0.044 மோல், அதாவது சுமார் 44 மில்லிமோல் சோடியம். மீதி, 2.9 கிராம் ட்ரைசோடியம் சிட்ரேட்டில் இருந்து வருகிறது: சுமார் 10 மில்லிமோல், ஒவ்வொன்றிலும் மூன்று சோடியம், ஆக 30. மொத்தம் ஏறக்குறைய 75. இப்போது குளுக்கோஸ்: 13.5 கிராமை 180-ஆல் வகுத்துப் பாருங்கள். அதுவும் 75!

இது தற்செயல் இல்லை. சிறுகுடல் சுவரில் இருக்கும் ஒரு புரதம், சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்துத்தான் உள்ளே இழுக்கும். அவை போகும் பக்கம் தண்ணீரும் போகும். 1971-ல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குழு உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றியது இந்த வழியில்தான்.

பொட்டாசியம், குளோரைடு, சிட்ரேட்டையும் சேர்த்தால் மொத்தத் துகள்கள் லிட்டருக்கு 245 மில்லிமோல். ரத்தத்தில் சுமார் 290. கரைசல் கொஞ்சம் நீர்த்து இருப்பதால் தண்ணீர் உடம்புக்குள் இறங்குகிறது. பழைய ஃபார்முலாவில் இது 311. 2002-ல் குறைத்தார்கள், வாந்தியும் வயிற்றுப்போக்கின் அளவும் குறைந்தன.

சரி, ஒரு லிட்டர் பாக்கெட்டை 200 மில்லியில் கலந்தால்? எல்லாமே ஐந்து மடங்கு. சோடியம் 375, மொத்தம் 1,225. தண்ணீர் இப்போது ரிவர்ஸில், உடம்பிலிருந்து குடலுக்கு வரும். போக்கு அதிகமாகும், ரத்தத்தில் சோடியம் ஏறும், குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். ரொம்ப நீர்த்துப்போனாலும் உப்பு போதாது. பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் கொட்டுவதும் வேண்டாம்.

சர்க்கரை தூக்கலான பானங்களிலும் இதே சிக்கல்தான். ஃபார்முலாவுக்குப் பொருந்தாத பானங்களின் லேபிளில் 'ஓ.ஆர்.எஸ்' என்ற பெயரே வரக்கூடாது என்று 2025 அக்டோபரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உத்தரவிட்டது. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது. எது வாங்கினாலும் அளவைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.