துணி மூடிய மஞ்சள்

“குழந்தையை லைட்ல வெச்சிருக்காங்க.” பிரசவ வார்டு வாசலில் நிற்கும் பாட்டிமார்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மஞ்சள் காமாலை; கண்ணைக் கட்டி, நீல வெளிச்சத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். இந்த வைத்தியத்தின் முதல் தடயத்தைப் பார்த்தவர் ஒரு நர்ஸ்.

1956 கோடை. இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் ராச்ஃபோர்டு மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் வார்ட். இன்குபேட்டரின் புழுக்கத்தைவிடக் காற்றும் வெயிலும் நல்லது என்பது அவர் கட்சி. வெயிலடித்தால் குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் பெரும்பாலும் உள்ளே கொண்டுவந்துவிடுவார்.

ஒருநாள் ரவுண்ட்ஸில், தயங்கித் தயங்கி ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறிய மஞ்சள். ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாக அடர் மஞ்சள். அயோடின் மாதிரி எதையாவது தடவினீர்களா என்றார்கள் டாக்டர்கள். இல்லை, அங்கே துணியின் முனை மூடியிருந்தது, மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்துவிட்டது என்றார் வார்ட்.

ஆராய்ச்சி என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் அல்லவா? இங்கே ஒரே உடம்பில் வெயில் பட்ட இடமும் படாத இடமும் பக்கத்துப் பக்கத்தில். நம் நர்சிங் மாணவிகளில் பலருக்கு ஆராய்ச்சி என்றாலே வினாப்படிவம் அச்சடித்துக் கையெழுத்து வாங்குவதுதான். அவர்களுக்கு முதல் வகுப்பிலேயே இந்த முக்கோணத்தை வரைந்து காட்டலாம்.

டாக்டர்கள் அதை அன்றோடு விட்டுவிட்டார்கள். சில வாரம் கழித்து, ஜன்னலோரம் வெயிலில் கிடந்த ஒரு ரத்த மாதிரிக் குழாயில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் அளவு எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. அப்புறம்தான் சிஸ்டர் சொன்னது உறைத்தது. மூளையைத் தாக்கக்கூடிய அந்த மஞ்சள் நிறமியை, உடம்பு எளிதில் வெளியேற்றும் வடிவத்துக்கு நீல ஒளி மாற்றுகிறது. (அதற்காக வீட்டு இளவெயிலை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.)

1958இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதுபற்றிய கட்டுரை வந்தது. கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் என்று மூன்று பெயர்கள். வார்ட் பெயர் இல்லை. அமெரிக்காவில் டாக்டர் லூசி குழுவினர் ஒளிச் சிகிச்சையை முறைப்படி சோதித்து வெளியிட்டது 1968இல்.

முற்றத்துக் கதை வெளியே தெரிந்ததும் டாக்டர்கள் வாயாலேயேதான். அவர்களில் டாப்ஸும் கிரெமரும் 1975இல் அதை எழுதினார்கள், தாங்கள் அயோடினா என்று கேட்டதையும் சேர்த்து.